பச்சைக் குழந்தையை வீட்டில் குளிப்பாட்டுவது: பர்மாத் தமிழ்த் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் நம் வீடுகளில் ஒரு பிள்ளை பிறந்தால், பால் கொடுப்பதற்கு அடுத்து அதிகம் பேசப்படுவது குளியல்தான். அப்பத்தா ஒன்று சொல்வார், ஆஸ்பத்திரி சயாமா (நர்ஸ், மருத்துவச்சி) வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டு பர்மியப் பெரியம்மா இன்னொன்று சொல்வார். நடுவில் பிள்ளை பெற்றவள் அழாத குறையாக நிற்பாள். குளியலில் பிள்ளைக்குக் கேடு வருவது பெரும்பாலும் குளிர்ந்துபோவதால், வழுக்குவதால், கொதிநீரால், அல்லது மூக்கு, காது, தொப்புள் வழியாக எதையாவது உள்ளே விடுவதால். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

பிறந்த அன்றே குளிப்பாட்டலாமா? பிசுபிசுப்பாக இருக்கிறதே!

வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது. உடம்பில் வெண்ணெய் பூசியது போல் இருக்கும் அந்த வெள்ளைப் படலம் அழுக்கல்ல. கிருமியைத் தடுக்கும், தோல் காயாமல் காக்கும். ஓரிரு நாளில் தானாகத் தோலில் ஊறி மறைந்துவிடும். ரத்தம் ஒட்டியிருந்தால் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும்.

முதல் நாள் குளியல் ஏன் ஆபத்து என்றால், பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் ஈரம் காயும்போது சூடும் வேகமாகப் போய்விடும். குளிர்ந்த பிள்ளை சோர்ந்து பால் குடிக்காது, பால் குடிக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். அந்த முதல் நாளில் அதற்கு வேண்டியது தாயின் நெஞ்சுச் சூடும் சீம்பாலும்தான்.

தொப்புள் கொடி இன்னும் விழவில்லை. எப்படிச் சுத்தம் செய்வது?

கொடி பெரும்பாலும் 5 நாள் முதல் 15 நாளுக்குள் விழும். சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை துடைத்துக் குளிப்பாட்டுவது சுலபம். வெதுவெதுப்பான நீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் முகம், அப்புறம் கழுத்து மடிப்பு, அக்குள், கை, கால், கடைசியாகப் பிட்டம். துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து, மற்றதை மூடியே வையுங்கள். கொடியில் நீர் பட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். நாப்பியை அல்லது கட்டுத்துணியைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டினால் மூத்திரம் படாது, காற்றும் படும்.

கொடி சீக்கிரம் விழ மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய், தனக்கா (பர்மியர் முகத்தில் பூசும் மரப்பட்டை விழுது) எதையாவது வைக்கலாமா?

எதையும் வைக்காதீர்கள். கொடி என்பது ஒரு திறந்த வாசல், அதற்குப் பின்னால் நேரே ரத்தக்குழாய் இருக்கிறது. சாம்பலும் மண்ணும் சாணமும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியைக் கொண்டு வரக்கூடியவை. மஞ்சள் நல்லதுதானே என்பார்கள். சமையலில் நல்லதுதான், ஆனால் கடையில் வாங்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கியதல்ல. கொடியைத் திறந்து காய விடுவதே வைத்தியம். வீட்டிலேயே பிரசவமாகி, சயாமா குளோர்ஹெக்சிடின் மருந்து கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி மட்டும் தடவுங்கள்.

கொடியைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விழும் சமயத்தில் ஒரு சொட்டு ரத்தம் துணியில் படுவது சகஜம்.

தினமும் குளிப்பாட்ட வேண்டுமா?

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். சித்திரை வெயிலில், வியர்க்குரு வரும் காலத்தில், தினமும் வெறும் நீரில் குளிப்பாட்டினாலும் தப்பில்லை. மார்கழி, தையில் ரங்கூனிலேயே விடியற்காலை நன்றாகக் குளிரும். கலோ, தௌஞ்சி, மேமியோ பக்கம் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் துடைத்துவிடுவதே பல நாளைக்குப் போதும். ஆனால் கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தினமும் துடையுங்கள். பால் வழிந்து தேங்கிப் புண்ணாவது அங்கேதான்.

நேரம் என்று பார்த்தால் முற்பகலில் வெயில் ஏறிய பிறகு, பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆன பின்.

நீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? பாட்டி "உடம்பு வலி போக நல்ல சூட்டில் ஊற்று" என்கிறார்.

37 முதல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம் உடம்புச் சூடு. உள்ளங்கை சமையல்கட்டில் பழகியது, அதை நம்ப முடியாது. முழங்கையையோ மணிக்கட்டின் உள்பக்கத்தையோ நீரில் வைத்துப் பாருங்கள். சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது. விளாவும்போது எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் வெந்நீரைச் சேருங்கள். நன்றாகக் கலக்கிவிட்டுப் பாருங்கள், அடியில் ஒரு சூடு மேலே ஒரு சூடு இருக்கும். பிள்ளை பேசினில் இருக்கும்போது மேலே வெந்நீர் சேர்க்கவே கூடாது. கொதித்த கெட்டிலைக் குளிக்கும் இடத்திலிருந்து எட்டாத தூரத்தில் வையுங்கள்.

பிறந்த பிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கு இதமான சூடு அதற்குச் சுடும். குளித்ததும் உடம்பு செக்கச் செவேல் என்று ஆனால் சூடு அதிகம் என்று அர்த்தம், வலி போனதாக அல்ல.

பேசினில் ஆழம் நான்கு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். நேரம் 5 நிமிஷம், மிஞ்சினால் 10.

எங்கள் வீட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். மழைக்காலத்தில் கலங்கி வருகிறது.

ஒரு இரவு தெளிய வைத்து, மேல் நீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற விட்டுப் பயன்படுத்துங்கள். தெளிந்த நீர் என்றாலும் முதல் மாதத்தில் காய்ச்சி ஆற வைப்பது நல்லது. கண்ணையும் வாயோரத்தையும் துடைக்கும் நீர் கண்டிப்பாகக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். காய்ச்சிய நீரை மூடி வையுங்கள். வாய் திறந்த ஜாடியில் கையை விட்டு மொண்டால் காய்ச்சியதற்கே பலனில்லை.

கரண்டு இல்லாத நேரத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வெந்நீர் போட கரி அடுப்பு பரவாயில்லை, ஆனால் அது அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். பர்மிய வீடுகளில் பிள்ளை பெற்றவளைக் கதகதப்பான அறையில் நெருப்புப் பக்கத்தில் வைக்கும் பழைய வழக்கம் உண்டு. நம்மவர்களும் பார்த்து அப்படிச் செய்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தாயும் பிள்ளையும் தூக்கத்திலேயே போய்விடலாம். புகை வராத கனல்தானே என்று எண்ண வேண்டாம், அதிலிருந்தும் அந்த வாயு வரும்.

அறையைச் சூடாக்க வேண்டுமானால் ஜன்னல், கதவு, மின்விசிறியை மூடினாலே பாதி வேலை முடிந்தது. மர வீடாக இருந்தால் தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும் காற்றை மறந்துவிடுவோம். குளிப்பாட்டும் இடத்தில் பாய் விரித்து அதன்மேல் கெட்டித் துணி போடுங்கள். வாளியில் போடும் மின்சாரக் கம்பி ஹீட்டர் வைத்திருப்பவர்கள், பிளக்கைக் கழற்றி, கம்பியை வெளியே எடுத்த பிறகே நீரைத் தொட வேண்டும். கரண்டு போயிருக்கிறது என்று கம்பியை நீரிலேயே விட்டுவிட்டால், திரும்ப வரும் நேரம் யாருக்கும் தெரியாது.

எப்படிப் பிடிப்பது? கை நடுங்குகிறது.

தேவையானதை எல்லாம் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள்: இரண்டு துணி, சட்டை, நாப்பி, விளாவிய நீர், பஞ்சு. பழைய பருத்திக் கைலியைத் துவைத்து இரண்டாகக் கிழித்தால் அதைவிட நல்ல துவட்டும் துணி கிடையாது. மோதிரம், வளையல் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் தலை உங்கள் இடது மணிக்கட்டில் இருக்க, அந்தக் கை முதுகுப்பக்கமாகப் போய் அந்தப்புறத்துத் தோளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் தோளின் மேலே, மற்ற விரல்கள் அக்குளில். இந்தப் பிடியை இறக்கியது முதல் தூக்கும் வரை விடக் கூடாது. வலது கை பிட்டத்தைத் தாங்கி, கால் முதலில் நீரில் படும்படி மெல்ல இறக்குங்கள். பேசினுக்கு அடியில் ஒரு துணி விரித்தால் வழுக்காது.

பிள்ளை உடையோடு இருக்கும்போதே கண்களைத் துடைத்துவிடுங்கள். ஈரப் பஞ்சால் மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. தலையை நனைப்பதைக் கடைசியில் வையுங்கள். தலை ஈரமானால்தான் சூடு மிக வேகமாக இறங்கும். உச்சிக்குழியைத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. மெல்ல நீர் விட்டுத் தடவலாம், அழுத்த மட்டும் கூடாது. பெண் பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஆண் பிள்ளைக்குக் குறியின் முன்தோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம், அது ஒட்டியிருப்பதுதான் இயல்பு.

எடுத்ததும் துணியில் சுற்றி, முதலில் தலையைத் துவட்டுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்பு மடிப்பாகப் பிரித்து ஈரம் போக்கி, குல்லாவும் சட்டையும் போட்டு மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள்.

நடுவில் போன் அடித்தாலோ வாசலில் யாராவது கூப்பிட்டாலோ பிள்ளையையும் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு அங்குல நீரில்கூடப் பச்சைப் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமே வராது. அக்காவான சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுந்து போவதும் விட்டுப் போவதுதான்.

பாட்டி காலில் போட்டுத்தான் குளிப்பாட்டுவேன் என்கிறார்.

செய்யட்டும். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது நல்ல முறை. பிள்ளை கீழே விழ உயரமில்லை, மூழ்க ஆழமில்லை, கையும் காலும் அதற்கு அணைவு. அனுபவமுள்ள கையைப் போல் ஒரு பாதுகாப்பு வேறில்லை. மூன்று விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பால் உயரத்திலிருந்து ஊற்றாமல் கையால் அள்ளி விடட்டும். குப்புறப் போடும்போது முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நெற்றியை ஒரு கை தாங்க வேண்டும். எண்ணெய் தடவிய உடம்பு வழுக்கும், அதனால் எண்ணெய் நாளில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, காதில் எண்ணெய் விடுவது, விரலை வாயில் விட்டுக் கோழை எடுப்பது?

இங்கேதான் மரியாதையோடு, ஆனால் அழுத்தமாக வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கில் வாய் வைத்து ஊதும்போது பெரியவர்கள் வாயிலுள்ள கிருமி பிள்ளையின் நெஞ்சுக்குப் போகிறது. மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விட்டால் அது நுரையீரலில் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும், ஆற வெகுநாளாகும். தொண்டைக்குள் விரல் விட்டால் புண்ணாகும், வாந்தி வந்து புரையேறும். காதில் ஒன்றும் விட வேண்டியதில்லை. வெளி மடலைத் துடைத்தால் போதும், பஞ்சுக் குச்சியும் வேண்டாம்.

பிள்ளை தும்மினால் சளி பிடித்துவிட்டது என்று நினைக்கிறோம். தும்மல்தான் பிள்ளை தன் மூக்கைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி. மூக்கடைத்துப் பால் குடிக்க முடியவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டு உப்புநீர்ச் சொட்டு ஒன்றிரண்டு விடலாம்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவது, "பயம் தெளிய" மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது எதுவும் வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்பதே பெரிய கேள்வி. "நீங்கள் செய்வது தப்பு" என்று மருமகள் சொன்னால் வீடு இரண்டாகும். தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் சயாமாவையே சொல்லச் சொல்லுங்கள். குளியலைப் பாட்டி கையிலேயே விடுங்கள், விட வேண்டிய இந்த இரண்டு மூன்றை மட்டும் விடச் சொல்லுங்கள். பெரும்பாலான பாட்டிகள் கேட்பார்கள். பிள்ளை மேல் அவர்களுக்கு உள்ள பிரியம் நமக்குக் குறைந்ததல்ல.

தலை நீளமாக இருக்கிறது, அமுக்கி உருட்டலாமா? மார்பில் பால் கட்டியிருக்கிறதே?

இரண்டையும் தொடாதீர்கள். பிறப்பு வழியில் வரும்போது நீண்ட தலை சில நாளில், சில வாரத்தில் தானே சரியாகும். மார்பு வீக்கம் தாயின் ஹார்மோனால் வருவது, ஆண் பிள்ளைக்கும் வரும், தானே வற்றும். பிதுக்கினால் சீழ் வைத்து அறுக்க வேண்டி வரும். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் வெள்ளையாகவோ லேசான ரத்தமாகவோ படுவதும் இதே காரணத்தால்தான்.

சோப்பு, பயத்தம்மாவு, கடலைமாவு?

முதல் சில வாரங்களுக்கு வெறும் நீர். அப்புறம் வேண்டுமானால் வாசனையில்லாத, மிதமான குழந்தைச் சோப்பு ஒரு துளி, அதுவும் மடிப்புகளுக்கும் பிட்டத்துக்கும் மட்டும். டெட்டால் போன்றவற்றை நீரில் கலக்க வேண்டாம். மாவு தேய்த்தால் முடி உதிரும், நிறம் வரும் என்பார்கள். உடம்பிலுள்ள பூனை முடி சில வாரத்தில் தானே உதிரும். நிறம் எந்த மாவாலும் மாறாது, கருத்த பிள்ளையைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. இடுப்பில் நீலமாகத் தெரியும் திட்டு அடிபட்ட தழும்பும் அல்ல, அழுக்கும் அல்ல. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பிறவியிலேயே இருக்கும், வளர வளர மங்கும்.

பர்மியர்கள் பெயர் சூட்டும் சடங்கில் பிள்ளையின் தலையைக் கின்புன் நீரால் கழுவுவார்கள். கின்புன் என்பது நம் சீயக்காய்தான். கலப்புக் குடும்பங்களில் இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டியதில்லை. தெளிந்த நீரில் ஒன்றிரண்டு சொட்டு உச்சந்தலைக்குப் பின்புறம் தொட்டு வைத்தால் சடங்கு நிறைவேறிவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கவனம்.

எண்ணெய் தேய்க்கலாமா?

கொடி விழுந்த பிறகு, சுத்தமான தேங்காய் எண்ணெய் கொஞ்சம், மெல்லத் தடவலாம். கட்டாயமில்லை. கடுகெண்ணெய் வேண்டாம், அது பிள்ளைத் தோலின் காப்பைக் கெடுக்கும். கற்பூரம் கலந்த எண்ணெயோ தைலமோ கூடவே கூடாது. கற்பூரம் பச்சைப் பிள்ளைக்கு விஷம், தோல் வழியாகவும் ஏறும், வலிப்பு வரலாம்.

சாம்பிராணி, தனக்கா, பவுடர், கண்மை?

சாம்பிராணிப் புகை வேண்டாம். கூந்தல் காயத் தாய்க்கு வேண்டுமானால் வேறு அறையில். பவுடர் மூச்சில் போகும். தனக்கா நம் ஊர் வெயிலுக்குப் பெரியவர்களுக்கு அருமையானது, ஆனால் கல்லில் அரைத்த விழுது பிறந்த பிள்ளையின் தோலில் காய்ந்து இறுகும். சில மாதம் போகட்டும். கண்மையிலும் சுர்மாவிலும் ஈயம் இருக்கக்கூடும். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்தால் பிள்ளை கண்ணைத் தேய்த்தாலும் ஒட்டாது, ஆனால் ஈயம் கலந்த மையை அங்கேயும் வைக்காதீர்கள்.

பெட்டியில் பூட்டி வைத்திருந்த மூத்த பிள்ளையின் துணியைக் குளித்ததும் போடலாமா?

பாச்சை உருண்டை (நாப்தலீன்) போட்டு வைத்த துணி என்றால் போடாதீர்கள். இந்த எச்சரிக்கை பர்மாவில் மிக முக்கியம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் இந்நாட்டில் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு நாப்தலீன் வாடை பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாக ஏறி, மூளையைத் தாக்கலாம். மருதாணியும் இவர்களுக்கு ஆகாது. வெறும் வெயிலில் உலர்த்தினால் போதாது. பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெட்டித் துணியே வேண்டாம்.

பிள்ளை எடை குறைவு, மாதம் முன்னாடியே பிறந்தது.

இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் டாக்டர் சொல்லும் வரை தொட்டிக் குளியல் வேண்டாம், துடைப்பதும் சுருக்கமாக. இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்குச் சூடு என்பதே மருந்து. தாயின் வெற்று மார்பில், தோலோடு தோல் பட, நாள் முழுக்க எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வையுங்கள். தாய்க்கு அசதி என்றால் அப்பா நெஞ்சும் ஆகும்.

பி.சி.ஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட அன்று?

குளிப்பாட்டலாம். ஊசி இடத்தில் மஞ்சள், எண்ணெய் தடவாதீர்கள். சில வாரம் கழித்து அங்கே சின்னக் கொப்புளம் வருவது எதிர்பார்த்ததே.

எந்த அறிகுறி கண்டால் குளியலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வலிப்பு, நெஞ்சுக்குழி உள்ளே இழுக்க மூச்சு விடுவது, அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது, பிறந்த முதல் நாளிலேயே உடம்பு மஞ்சளாவது. அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 37.5 அல்லது அதற்கு மேல், அல்லது 35.5-க்குக் கீழ். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை தாயின் மார்போடு ஒட்டியே இருக்கட்டும்.

குளித்த பின் கால் சில்லென்று இருந்து, வெப்பமானி 36.5-க்குக் கீழே காட்டினால், ஈரத்துணியை மாற்றி, தோலோடு தோல் அணைத்து, பால் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் கிளம்புங்கள். காமாலைக்குக் காலை வெயிலில் காட்டிக்கொண்டே நாளைக் கடத்துவது நம்மிடம் உள்ள பெரிய ஆபத்து. வெயில் அதற்கு வைத்தியமல்ல, ஆஸ்பத்திரி நீல விளக்கு வேறு.

அப்பா குளிப்பாட்டலாமா?

தாராளமாக. பிள்ளை பெற்றவள், அதிலும் வயிறு கிழித்துப் பிரசவமானவள், முதல் வாரங்களில் குனிந்து நிமிர்ந்து சிரமப்படாமல் இருப்பது நல்லது. பாட்டி வேறு ஊரில் இருந்தால், அல்லது இல்லாமலே போயிருந்தால், அப்பாதான் செய்தாக வேண்டும். இரண்டு நாள் துடைத்துவிட்டுப் பழகட்டும், பிடி கைக்கு வந்த பிறகு பேசினுக்குப் போகலாம். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.